ஐம்பதுக்கு மேல் ஓடுகிறீர்களா? கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்!

காலை ஐந்தரை மணிக்கு எந்த ஊர் மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கடற்கரையோ, ஏரிக்கரையோ, காலேஜ் கிரவுண்டோ... நரைத்த தலைகள் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. 'ரிட்டயர் ஆயாச்சு, இனிமே என்ன?' என்று ஈஸிசேரில் சாய்கிற வயதில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்களே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால், அவர்களில் சிலரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாய் பிளந்து, மூச்சு இரைத்து, முகம் வெளிறி... கண் மட்டும் கைக்கடிகாரத்திலேயே! 'போன வாரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். இன்னிக்கு ஆறரைக்குள்ள முடிச்சாகணும்!'

யாருக்காக சார் இந்த அவசரம்?

என் கட்சி இதுதான். ஐம்பதைத் தாண்டியவர்கள் தாராளமாக ஓடட்டும். ஆனால், இதயத்துக்காக ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கடிகாரத்துக்காக ஓடக் கூடாது.

'ஓடுறவனுக்கு ஹார்ட் அட்டாக் வராதுங்க' என்று ஒரு நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஜிம் ஃபிக்ஸ் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கனத்த உடம்போடும் சிகரெட் பழக்கத்தோடும் இருந்தவர், 35 வயதுவாக்கில் ஓட ஆரம்பித்தார். உடம்பு இளைத்தது, சிகரெட் போனது. 1977ல் ஓட்டம் பற்றி அவர் எழுதிய புத்தகம், லட்சக்கணக்கான அமெரிக்கர்களைத் தெருவில் இறங்கி ஓட வைத்தது. அப்பேர்ப்பட்டவர் 1984ல், 52வது வயதில், ஓடும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். இதய ரத்தக் குழாய்களில் பெரிய அடைப்புகள் இருந்தது பிறகு தெரிந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர்.

'பாத்தீங்களா, ஓட்டம்தான் ஆளைக் கொன்னுடுச்சு' என்று உடனே ஈஸிசேருக்குத் திரும்பிவிடாதீர்கள்! அது அநியாயம். ஓடியதால்தான் அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாக வாழ்ந்தாரோ, என்னவோ. இதில் நமக்கு உள்ள பாடம் வேறு. ஓட்டம் பழைய கடனைக் குறைக்கும்; அடியோடு தள்ளுபடி செய்யாது. பரம்பரை, பழைய சிகரெட், ஷுகர், பி.பி., கொலஸ்ட்ரால் எல்லாம் நம்மோடு சேர்ந்து ஓடி வருகின்றன.

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். ஓட்டத்தின்போதோ முடிந்த உடனேயோ இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். இறந்தவர்கள் 42 பேர். ஆக, ஆபத்து மிகக் குறைவு. ஆனால், அரை மாரத்தானைவிட முழு மாரத்தானில் அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

வேகத்தில் அப்படி என்ன பிரச்னை? வயது ஏற ஏற, இதயத்தால் எட்டக்கூடிய அதிகபட்சத் துடிப்பு குறைந்துகொண்டே வருகிறது. 220ல் வயதைக் கழியுங்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி 60 வயதுக்காரருக்கு 160. ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து முன்னே பின்னே இருக்கும். ரத்தக் குழாய்களும் பழைய ரப்பர் டியூப் மாதிரி விறைத்துப் போயிருக்கும். அந்த நிலையில் திடீரென்று முழு வேகம் எடுத்தால் ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புப் படிவம் எங்காவது விரிசல் விட்டால், அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். பழக்கமில்லாதவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வருடக்கணக்காக உடம்பை வருத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி ஒன்று நடக்கிறது. அதில் கலந்துகொண்ட 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். அதிக முறை கலந்துகொண்டவர்களுக்கும், வேகமாக முடித்தவர்களுக்கும் இதயம் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு கூடுதலாக இருந்தது.

சரி, எந்த வேகத்தில்தான் ஓடுவது?

பக்கத்தில் ஓடுகிறவரோடு நாலு வார்த்தை தொடர்ந்து பேச முடிய வேண்டும். பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறதா? குறையுங்கள். சில பி.பி. மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அவர்களுக்குக் கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுக் கணக்கே நல்லது.

அப்படியானால், வேகமாக ஓடவே கூடாதா? ஓடலாம். சில மாதங்கள் மெதுவாக ஓடிப் பழகி, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, வாரத்தில் ஒரு நாள், கொஞ்ச நேரம். தினமும் வேண்டாம்.

ஓட ஆரம்பிக்கும் முன்பு பி.பி., ஷுகர், கொலஸ்ட்ரால், இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்பதை டாக்டர் சொல்வார். அதில் 'நார்மல்' என்று வந்தால் ஆயுள் கியாரண்டி கார்டு கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். சின்ன அடைப்புகள் அதில் தெரியாமல் போகலாம். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு... இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா குடித்துச் சமாளிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஷுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் இருக்கலாம். காய்ச்சல் அடிக்கும்போது ஓடவே வேண்டாம். ஓடி முடித்ததும் சட்டென்று நிற்காமல், ஐந்து நிமிடம் நடந்து அடங்குங்கள்.

மெதுவாக ஓடுவது மானக்கேடு என்று நினைப்பவர்களுக்கு ஃபௌஜா சிங்கைச் சொல்கிறேன். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறியவர். 89 வயதில்தான் முதல் மாரத்தான் ஓடினார். 2011ல் டொராண்டோ மாரத்தானை முடித்தபோது அவருக்கு வயது 100 என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை. எடுத்துக்கொண்ட நேரம் எட்டு மணி நேரத்துக்கும் மேல்! கடைசி ஆளாக வந்தார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. 2025ல் 114 வயதில் அவர் இறந்ததும் சொந்த ஊருக்குப் பக்கத்தில் சாலையில் வாகனம் மோதித்தான், மாரடைப்பால் அல்ல.

பேரனோடு போட்டி போட்டு ஜெயிக்க வேண்டிய வயதா இது? பேரன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டிய வயது! மெதுவாகவே ஓடுங்கள்... ரொம்ப நாள் ஓடுங்கள்.