தென்காசிக்கு எது பக்கத்து விமான நிலையம்?

வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் தென்காசிக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் பக்கம். நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ. தூத்துக்குடியின் வாகைக்குளம் 80 கி.மீ.க்கு மேல். காரில் ஏறியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

திருநெல்வேலி வழியாக வாகைக்குளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். திருவனந்தபுரத்துக்கோ செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று மலை ஏறி இறங்கி மூன்று மணி நேரமாவது ஆகும். புளியரை எஸ் வளைவில் கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரி ஒன்று திணறி நின்றால் போதும், பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் வரிசை கட்டிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால அருவிகளை நிரப்பும் தென்மேற்குப் பருவமழைதான் அந்த மலைப்பாதையையும் மந்தமாக்குகிறது.

இருந்தும் மக்கள் மலை தாண்டித்தான் போகிறார்கள். காரணம் வளைகுடா. கடையநல்லூர், வடகரை, புளியங்குடி பக்கத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். துபாயிலிருந்து திருவனந்தபுரம் வரையிலான சுமார் 2,950 கி.மீ.யை விமானம் நான்கு மணி நேரம் சொச்சத்தில் கடந்துவிடுகிறது. அங்கிருந்து வீடு வந்து சேர, அதில் முக்கால்வாசி நேரம் சாலையில் போகிறது. வேனில் தூங்கி விழும் குழந்தைகளோடு அழைக்கப் போகும் குடும்பத்துக்கு இதே தூரம் போக ஒரு முறை, வர ஒரு முறை. இரண்டு ஊர்களுக்கு இடையிலான விமான தூரத்தைச் சொல்லும் கணக்கு எதிலும் இந்த நேரம் சேர்வதில்லை. அது நிலையத்திலிருந்து நிலையம் வரை மட்டுமே அளக்கிறது.

திருவனந்தபுரத்தை நோக்கிய இந்தப் பயணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகத்தான் இருந்தது.

சென்னைக்குப் போகிறவர் நிலைமை வேறு. வாகைக்குளத்துக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ.; சிறிய ஏடிஆர் விமானத்தில் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து நிலையம், முன்கூட்டிய காத்திருப்பு, இறங்கியபின் நகரப் போக்குவரத்து எல்லாம் கூட்டினால் ஆறு மணி நேரத்தைத் தொடும். பொதிகை எக்ஸ்பிரஸ் இரவு முழுக்க ஓடுகிறது என்றாலும் தூங்கிக்கொண்டே போய்விடலாம். பகல் பொழுது வீணாகாத ரயிலை விட்டு விமானத்துக்குப் பலர் மாறாததில் வியப்பில்லை.

தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. மாவட்டத்துக்கென்று தனி விமான நிலையம் கேட்பதைவிட, பக்கத்தில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்வதே விவேகம். வாகைக்குளத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. பெரிய விமானம் இறங்க இனி ஓடுபாதை தடையில்லை. விமான நேரத்தை ஒட்டி தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாக அரசுப் பேருந்து ஓடட்டும். சுங்கம், குடியேற்ற வசதிகளைச் செய்துகொடுத்து வளைகுடா விமானத்தையும் கொண்டுவரட்டும். அப்படி ஒரு விமானம் வாகைக்குளத்தில் இறங்கினால், கடையநல்லூர்க்காரர் நள்ளிரவில் ஆரியங்காவு ஏற வேண்டியிருக்காது.