சீமைச் சந்தை நகரில் ஒரு வாரக் குடித்தனம்

சீமைக்குப் போவது என்றால் ஒரு காலத்தில் அது துரைமார் சமாசாரம். "துரை சீமைக்குப் போயிருக்கிறார், வர மூன்று மாதமாகும்" என்று கிராணி சொன்னால், லயத்து மக்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளே அங்கு படிக்கிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்குத் தாய் தந்தையர் விமானம் ஏறுகிறார்கள். சில வீடுகளில் பாட்டியும் உடன் போகிறார். அப்போது எழுகின்ற முதல் கேள்வி, எங்கே தங்குவது? இரண்டாவது கேள்வி, என்ன சாப்பிடுவது?

இரண்டுக்கும் ஒரே விடையாகப் பலர் இப்போது தேர்ந்தெடுப்பது சர்வீஸ் அபார்ட்மெண்ட். படுக்கையறை, கூடம், சமையலறை எல்லாம் உள்ள ஒரு முழு வீட்டை நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகைக்கு விடுகிறார்கள். படுக்கை விரிப்பும் துண்டும் அவர்களே தருவார்கள். அடுப்பு, குளிர்ப்பெட்டி, சட்டி பானை, தட்டு, கரண்டி எல்லாம் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் சமையலறையிலேயே நிற்கும். அது அந்நாட்டு வழக்கம். பல இடங்களில் வரவேற்க ஆள் இருக்கமாட்டார். வாசலருகே ஒரு சின்னப் பெட்டிக்குள் சாவி இருக்கும். அதைத் திறக்கும் எண்ணைத் தொலைபேசிக்கு அனுப்பி விடுவார்கள்.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஓட்டலில் தங்கினால் இரண்டு மூன்று அறை வேண்டும். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட வேண்டும். பவுன் கணக்கை வெள்ளிக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் சோறு தொண்டையில் இறங்காது. வீடெடுத்துத் தங்கினால் அந்தச் செலவில் நல்ல பங்கு மிச்சமாகும்.

பெரிய பட்டணத்தில்தான் தங்க வேண்டும் என்பதும் இல்லை. கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போல் போனால், சஃபோக் மாவட்டத்தில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற பழைய சந்தை நகரம் இருக்கிறது. சந்தை நகரம் என்ற பெயருக்குப் பொருள் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் நினைத்தவர் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. அதற்கு அரசரின் உரிமை வேண்டும். உரிமை பெற்ற ஊருக்கு வாரந்தோறும் சுற்று வட்டாரத்து மக்கள் வந்தார்கள், ஊரும் வளர்ந்தது.

இந்த ஊரின் கதை ஓர் அரசரில் தொடங்குகிறது. கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட எட்மண்ட் 869ஆம் ஆண்டு டேனியப் படையினரால் கொல்லப்பட்டார். பின்னர் அவர் புனிதராகப் போற்றப்பட்டு, அவருடைய உடல் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டது. 1020இல் இங்கு பெரிய கிறிஸ்தவ மடம் அமைந்தது. யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1214இல் பிரபுக்கள் இங்கே கூடி, அரசர் ஜானிடமிருந்து உரிமைச் சாசனம் பெறுவதென்று உறுதி பூண்டதாக வரலாறு கூறும். அடுத்த ஆண்டு பிறந்ததுதான் நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் மாக்னா கார்ட்டா.

ஆனால் ஊரின் ஆட்சியும் சந்தை வருமானமும் மடத்தின் கையில் இருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர் மக்கள் 1327இல் பொங்கி எழுந்து மடத்தைத் தாக்கினார்கள்; வாயிலை இடித்தார்கள். அதற்குப் பின் கட்டிய உறுதியான வாயில் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1539இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடம் மூடப்பட்டது. கற்களை ஊரார் எடுத்துச் சென்று வீடு கட்டிக்கொண்டனர். மடத்துக் கோயிலின் இடிந்த முகப்புக்குள்ளேயே வீடுகள் எழும்பின. பழைய கற்சுவரின் நடுவே சன்னலும் கதவும் எட்டிப் பார்க்கும் அந்தக் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இடிபாடுகளைச் சுற்றி இப்போது பூந்தோட்டம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

வெளியூரார் வந்து தங்குவது அவ்வூருக்குப் புதிதல்ல. யாத்திரிகருக்குப் பின் வண்டிப் பயணிகள் வந்தார்கள். மடத்து வாயிலுக்கு எதிரே உள்ள ஏஞ்சல் விடுதியில் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தங்கியிருக்கிறார். தம் முதல் நாவலிலும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். இன்று அந்த வரிசையில் நம் ஊர்ப் பாட்டியும் சேர்ந்திருக்கிறார்.

பாட்டி என்று வெறுமனே சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக் குடும்பம் பேரனின் பட்டமளிப்புக்காகச் சென்று அவ்வூரில் ஒரு வாரம் வீடெடுத்துத் தங்கியது. பாட்டி முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தலைமுறை. வெள்ளிக்கிழமை மரக்கறி, மாட்டிறைச்சி வெந்த சட்டியில் எது வெந்தாலும் தொடமாட்டார். ஓட்டலாக இருந்திருந்தால் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஒரு வாரத்தை ஓட்டியிருப்பார். கேட்டால் பசியில்லை என்றிருப்பார். சமையலறை இருந்ததால் சட்டிகளைத் தேய்த்துக் கழுவி, முதல் நாளே ரசம் வைத்துவிட்டார். எல்லோரும் வயிறார உண்டார்கள்.

இரண்டாம் நாள் காலையில் பாட்டி சொன்னாராம்: "நீங்கெல்லாம் போய்ச் சுத்திப் பாத்துட்டு வாங்க. நான் சோறாக்கி வைக்கிறேன்."

வாசகர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போயும் அந்தத் தாய்க்கு அடுப்படிதான் என்றால், நாம் மிச்சம் பிடித்தது யாருடைய பணம்? அவருடைய உழைப்பைத்தானே வெள்ளியாக மாற்றிக்கொண்டோம்! நல்ல வேளையாக அந்த வீட்டு மருமகள் இதை உணர்ந்தார். "அத்தை, காலையில ஒரு தடவைதான் அடுப்பு. மத்தியானம் ரொட்டி வாங்கிக்கலாம். ராத்திரிக்கு உங்க மகனும் பேரனும் சமைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பேரன் விடுதியில் தங்கிப் படித்தவன். பருப்பு வேகவைக்க அவனுக்குத் தெரியும். மகனுக்கு அதுவும் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்.

பாட்டி ஊரைப் பார்த்தார். புதன், சனி இரு நாளும் அங்கே சந்தை நாள். கார்ன்ஹில், பட்டர்மார்க்கெட் என்னும் வீதிகளில் கடை போடுகிறார்கள். ஒன்று தானியத்தின் பெயர், மற்றொன்று வெண்ணெய்யின் பெயர். எந்த இடத்தில் எது விற்றது என்பதைத் தெருவின் பெயரே காட்டிக் கொடுக்கிறது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் காலிஃபிளவரைத் திருப்பிப் பார்த்து வாங்க மொழி எதற்கு? நம்மூர்ப் பசார் மாலாமில் செய்வதையே அங்கும் செய்தார். நகர ஓரத்தில் 1925 முதல் இயங்கிவரும் சீனி ஆலையைப் பேரன் காட்டினான். கரும்பே விளையாத நாட்டில், வயலில் பிடுங்கிய பீட் கிழங்கிலிருந்து சீனி எடுக்கிறார்கள். ஊர் திரும்பிய பின் பாட்டி எல்லோரிடமும் சொல்லி வியப்பது அதைத்தான்.

இனி, போகின்றவர்கள் கவனிக்க வேண்டிய சில செய்திகள்.

பழைய ஊரின் வீடுகள் பழையவை. பல கட்டடங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதியின்றிச் சன்னலைக்கூட மாற்ற முடியாது. அதனால் மின்தூக்கி இருப்பது அரிது. படிகள் செங்குத்தாகவும் உத்திரம் தலையில் இடிப்பது போலவும் இருக்கலாம். முட்டி வலிக்காரர் உடன் வந்தால் தரைத்தளத்து வீடா என்று முதலில் கேளுங்கள். படங்களை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

கூரையில் புகையை உணரும் கருவி பொருத்தியிருப்பார்கள். கடுகு தாளிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் அது அலறும். புகை உறிஞ்சியைப் போட்டு, சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவை மூடிவிட்டுத் தாளியுங்கள். கருவியைத் துணியால் மூடுவது மட்டும் வேண்டாம். மரத்தால் ஆன பழைய வீட்டில் அதுதான் உயிர்க்காவல்.

குளியலறைத் தரையில் நம் வீட்டைப் போல் நீர் போகும் வழி இருக்காது. தொட்டிக்குள் நின்று, திரையை உள்ளே விட்டுக் குளிக்க வேண்டும். தரையில் வாளி வாளியாக ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரை நனையும். கழிவறையில் நீர்க்குழாய் இருக்காது. ஒரு சிறு குவளை எடுத்துச் செல்லுங்கள்.

மின்சார முளை நம் நாட்டு மூன்று முளையேதான். சிறிய சோற்றுக்குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்தால் அங்கே அப்படியே வேலை செய்யும். ஆனால் இறைச்சி, பால் பொருள்களை இங்கிருந்து கொண்டுபோகத் தடை உண்டு. நெய்யும் அதில் அடங்கும். அரிசி, பருப்பு, மஞ்சள்தூள் ஆகியவை அங்குள்ள பெரிய பேரங்காடிகளிலேயே கிடைக்கும்.

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் ஆறு மாதம் வரை சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை. ஆயினும் 2025 ஜனவரி முதல், புறப்படுமுன் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். பாட்டிக்கும் வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும். ஆளுக்கொன்று, மறவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டை ஏற்பாடு செய்யும்போதே சமையல் முறையையும் எழுதி வைத்துவிடுங்கள். திங்கள் யார், செவ்வாய் யார், பாத்திரம் கழுவுவது யார் என்று. அந்தப் பட்டியலில் ஆண்பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும். பிள்ளை பட்டம் வாங்கியதில் பாட்டியின் பங்கு, அவர் விடியலில் ஏற்றிய அடுப்பில் இருக்கிறது. அந்த ஒரு வாரம் அவர் பூந்தோட்டத்து மரப்பலகையில் கைகட்டி அமர்ந்து, பிறர் சமைத்த சோற்றுக்குக் காத்திருந்தால், வாடகை கொடுத்த பணம் பலித்தது என்று கொள்ளலாம்.