கருவி பொய் சொல்வதில்லை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் என்ற ஊருக்கு அருகே, 1980ஆம் ஆண்டு ஒருவர் உலோகம் காட்டும் கருவியைக் கொண்டு 27.2 கிலோகிராம் எடையுள்ள தங்கக் கட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். கருவி ‘இதோ தங்கம்!’ என்று கூவியிருக்கும் என உங்களுக்குத் தோன்றலாம். எந்தக் கருவியும் அவ்வாறு கூவுவதில்லை.

கருவியின் கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் செல்கிறது. அங்கே உலோகம் இருந்தால், அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி வேறொரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இந்த மாற்றத்தை உணர்ந்தே கருவி ஒலிக்கிறது. ‘காந்தப்புலம் மாறியிருக்கிறது’ என்பதே அந்த ஒலியின் பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மாற்றத்தை உண்டாக்குவது தங்கம் மட்டுமா? துருப்பிடித்த ஆணி, ஈயத் தோட்டா, அலுமினியத் தாள் எல்லாமே கருவியை ஒலிக்கச் செய்யும். உலோகத் துண்டே இல்லாத இடத்திலும் அது ஒலிப்பதுண்டு. மேக்னடைட் போன்ற இரும்புத் தாது மிகுந்த கற்களே அதற்குக் காரணம். தங்கம் தேடுவோர் இவற்றுக்குச் ‘சூடான கல்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் சுடாது!

இதற்கு வழி இல்லையா? உண்டு. மண்ணின் தாது விளைவைக் கழித்துவிடும் அமைப்பும், குப்பை உலோகங்களுக்கு ஒலிக்காதபடி தடுக்கும் அமைப்பும் பல கருவிகளில் உள்ளன. முதலாவது பெரிதும் பயன்படுகிறது. இரண்டாவதை நம்பித் தங்கம் தேடுவது தவறு என்பதே என் கருத்து. ஏனெனில், கருவிக்குக் கிடைக்கும் குறிப்பு உலோகத்தின் வகையை மட்டும் பொறுத்ததன்று. அளவு, வடிவம், தூய்மை ஆகியவற்றையும் பொறுத்தது. ஆகவே சிறிய தங்கத் துணுக்கும் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே குறிப்பைத் தரக்கூடும். அலுமினியத்தின் வாயை அடைத்தால் தங்கத்தின் வாயும் அடைபட்டுவிடும்!

வீணாகத் தோண்டிய பத்துக் குழிகளால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். தோண்டாமல் விட்ட ஒரு குழியில் தங்கமே போய்விடலாம். அந்த இழப்பு நமக்குத் தெரியவும் தெரியாது.

மாணவர்களே, கருவி பொய் சொல்வதில்லை. அது சொன்னதற்கு மேல் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் பொருள்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஒலியைக் கேட்பது ஆய்வின் தொடக்கம். முடிவைச் சொல்ல வேண்டியது மண்வெட்டிதான்.