நாலு பேரும் நான் விழுந்த புழுதியும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, 47 வயசுல, வாழ்க்கையில முதல் தடவையா மோட்டோகிராஸ் டிராக்ல வண்டி ஓட்டினேன். ரெண்டு மணி நேரத்துல ஆறு தடவை விழுந்தேன். எலும்பு எதுவும் உடையலை. ஆனா போட்டோவைப் பார்த்த நம்ம புனே தமிழ்ச் சொந்தங்கள் வாட்ஸ்அப்புல என்னை உடைச்சு எடுத்துட்டாங்க.

"தம்பி, பொண்ணு எட்டாங்கிளாஸ் படிக்குது, நினைவிருக்கா?" இது ஒரு அண்ணாச்சி. "மிட்லைஃப் கிரைசிஸ்" இது ஆபீஸ் நண்பர். "வந்த ஊர்ல வந்த வேலையைப் பார்த்துட்டுப் போறதை விட்டுட்டு..." இது இன்னொருத்தர். கோவில்பட்டியில இருக்கற அம்மா வரைக்கும் சேதி போயி, "ஏலே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னு போன்.

எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப் போச்சு. அதனால ஒரேடியா இங்க சொல்லிடறேன். கோவப்படறவங்க முழுசா படிச்சுட்டுக் கோவப்படுங்க :-)

முதல்ல, இது என்னன்னு தெரியாமலே திட்டறவங்களுக்கு. மோட்டோகிராஸ்ங்கறது நெடுஞ்சாலையில நூத்தி இருபதுல பறக்கறது இல்ல. மண்ணுல வெட்டின மூடின பாதை, மேடு, பள்ளம், வளைவு. 1924-ல இங்கிலாந்துல கேம்பர்லி பக்கம் நடந்த ஒரு பந்தயத்துலேர்ந்து வளர்ந்த விளையாட்டு. என்னை மாதிரி கத்துக்குட்டி அந்தப் பாதையில போற வேகம், நம்ம ஊர் டவுன் பஸ் வேகம்தான்.

சொல்லிக்கொடுத்த பையனுக்கு 22 வயசு இருக்கும். என்னை "காகா"ன்னு கூப்பிட்டான். மராட்டியில அது சித்தப்பா மாதிரி மரியாதை. என் வீட்டுக்காரி மட்டும் அதைக் கேட்டுட்டு, "ஆமா, காக்கா மாதிரிதான் உக்காந்திருக்கீங்க"ன்னா. உண்மையில உக்காரவே விடலை. முக்கால்வாசி நேரம் ஃபுட்பெக் மேல நின்னுக்கிட்டே ஓட்டணும். முட்டியால வண்டியைக் கவ்விப் பிடிக்கணும், முழங்கை வெளிய தூக்கியிருக்கணும், கண்ணு சக்கரத்தைப் பார்க்காம தூரத்தைப் பார்க்கணும். வளைவுல உக்காந்து உள்பக்கக் காலை முன்னாடி நீட்டணும். புழுதியில வண்டியைச் சாய்ச்சுக்கிட்டே முன் பிரேக்கை அழுத்தினா அவ்வளவுதான். என்னோட முதல் மூணு விழுக்காடும் அப்படித்தான். பத்து நிமிஷத்துல முன்னங்கை கல்லு மாதிரி இறுகி, கிளட்ச் பிடிக்க விரல் வரலை. இருபது வருஷமா மவுஸ் மட்டும் பிடிச்ச கை அது.

இப்ப "ரிஸ்க்" விஷயத்துக்கு வருவோம்.

டிராக்ல நான் போட்டிருந்தது: முழு ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கை முழங்கால் காப்பு, முட்டி வரைக்கும் பூட்ஸ். எதிர்ல லாரி வராது, குறுக்க நாய் ஓடாது. எனக்கு அறிவுரை சொன்ன அண்ணாச்சி, தினம் சாயங்காலம் மகனை ஸ்கூட்டர் பின்னாடி வச்சு ட்யூஷனுக்குக் கூட்டிட்டுப் போறவர். அவர் ஹெல்மெட் கண்ணாடியில தொங்கும். பையன் தலையில ஒண்ணுமே இல்ல. கேட்டா "பக்கத்துலதானப்பா".

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022-ம் வருஷ அறிக்கையைப் பாருங்க. அந்த ஒரு வருஷத்துல இந்தியச் சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர். ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர். அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்து போனவங்க. பின்னாடி உக்காந்து போறவங்க யாரு? நம்ம மனைவி, நம்ம பிள்ளை, நம்ம அம்மா. நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் வேணும்னு 2019-ல சட்டத்தைத் திருத்தியாச்சு. அதே 2019 ஜனவரியில இதே புனேவுல ஹெல்மெட் கட்டாயம் கூடாதுன்னு ஊர்வலம் போனாங்க. "இந்த ஊர்க்காரங்க சுத்த மோசம்"னு நாம சிரிச்சோம். சிரிச்சுட்டு நாம மட்டும் என்ன கிழிச்சோம்?

இன்னொரு ரிஸ்க்கும் இருக்கு. 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேலன்னு சொல்லிச்சு. பத்து மணி நேரம் நாற்காலி, ராத்திரி பதினோரு மணிக்குக் கால், ஞாயித்துக்கிழமை பிரியாணி, அப்புறம் தூக்கம். இந்த வாழ்க்கையை எந்த அண்ணாச்சியும் "ரிஸ்க் தம்பி"ன்னு சொல்லி நிறுத்தினதில்லை. ஏன்னா எல்லாரும் அப்படித்தான் இருக்கோம்.

அதனால சொல்றேன், நீங்க பயப்படறது ஆபத்துக்கு இல்ல. நாலு பேர் சிரிப்பாங்கன்னு பயம். பெரிய பதவியில இருக்கறவன், தலை நரைச்சவன், 22 வயசுப் பையன் முன்னாடி மண்ணுல விழுந்து எழுந்திருக்கறதைப் பார்க்க உங்களுக்குக் கூசுது.

"நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னும் கேட்டாங்க. நம்ம அப்பா தலைமுறை சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துல பைக் ரேஸ் பார்க்கக் கூட்டங்கூட்டமாப் போயிருக்கு. ஓசூர் டிவிஎஸ்ஸுக்கு 1982-லேர்ந்து ரேஸிங் அணி இருக்கு. அந்த அணியில வளர்ந்த கேரளத்து ஹரித் நோவா 2024 டக்கார் ராலியில ராலி 2 பிரிவுல முதலாவதா வந்தார். சம்பந்தம் இல்லாம இல்ல, நாமதான் மறந்துட்டோம்.

நியாயமான எதிர்ப்பு ஒண்ணே ஒண்ணுதான் வந்தது, அது என் வீட்டுக்காரிகிட்டேர்ந்து. "கை உடைஞ்சா மூணு மாசம் எப்படி வேலை பார்ப்பீங்க? வீட்டுக் கடன் யார் கட்டுவா?" இதுக்கு என்கிட்ட வீராப்பான பதில் இல்ல. காலர் எலும்பு உடையறது இந்த விளையாட்டுல சகஜம். விபத்துக் காப்பீட்டை எடுத்துப் படிச்சேன். பந்தயம், பந்தயப் பயிற்சி ரெண்டுக்கும் பணம் கிடையாதுன்னு பொடி எழுத்துல இருந்தது. (உங்க பாலிசியையும் ஒரு தடவை படிங்க.) அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். ஆறு மாசத் தவணையைத் தனியா எடுத்து வச்சோம். போட்டியில கலந்துக்கறதில்ல, குதிக்கறதில்ல, முழுக் கவசம் இல்லாம வண்டியைத் தொடறதில்லன்னு ஒத்துக்கிட்டேன். அக்கறைன்னா இதுதான். "உனக்கெதுக்கு இதெல்லாம்"ங்கறது அக்கறை இல்ல.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அதையும் சொல்லிடறேன்.

2024 ஜனவரியில சூப்பர்கிராஸ் லீகோட முதல் சுற்று எங்க ஊர் பாலேவாடி மைதானத்துல நடந்தப்ப மகளைக் கூட்டிட்டுப் போனேன். "அப்பா, நீங்க இதை ஓட்டுவீங்களா?"ன்னா. "நமக்கெல்லாம் எதுக்கும்மா"ன்னேன். ரொம்ப சாதாரணமாச் சொன்னேன். கொஞ்ச நாள் கழிச்சு பள்ளிக்கூடத்துல ஃபுட்பால் அணிக்கு ஆள் எடுத்தாங்க. "சேர்றியாம்மா?"ன்னு கேட்டேன். "எனக்கு வராதுப்பா. எல்லாரும் சிரிப்பாங்க. நமக்கெல்லாம் எதுக்கு"ன்னா. என் வார்த்தை, என் குரல்லயே.

வெளியூர் வந்து பிழைக்கற நாம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறது இதுதான். முதல் மார்க் வாங்கறதை மட்டும் தொடு, தெரியாததைத் தொடாதே. தப்பு பண்ணினா இங்க தாங்கிப் பிடிக்கச் சொந்தம் கிடையாது. பயம் புரியுது, எனக்கும் அதே பயம்தான். ஆனா அந்தப் பயத்தையே சீதனமாக் கொடுத்தா நல்லா இருக்குமா?

அன்னிக்கு டிராக்குக்கு மகளும் வந்திருந்தா. ஆறு தடவையும் பார்த்தா. திரும்பி வர்றப்ப கார்ல சொன்னா:

"அப்பா, நீங்க நல்லாவே ஓட்டலை."

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்கு அடுத்த வாரமும் வர்றேன்னு அந்த அண்ணாகிட்ட சொன்னீங்க?"

நான் பதில் சொல்லலை. அவளே யோசிக்கட்டும்னு விட்டுட்டேன்.

பின்குறிப்பு: அண்ணாச்சி, உங்க பையன் தலை அளவு என்னன்னு சொல்லுங்க. ஹெல்மெட் நான் வாங்கித் தர்றேன். அதைப் போட்டுக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்ச பிறகு எனக்கு அறிவுரை சொல்லுங்க, கை கட்டிக் கேட்டுக்கறேன்.