"எங்களுக்கென்றே ஒரு சொஃப்ட்வெயார்" வேண்டாம் என்று ஏன் சொன்னேன்



கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட வருபவர்கள் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டவும்.

எங்கள் பாடசாலைக்கென்று தனியாக ஒரு சொஃப்ட்வெயார் செய்விப்பதற்குப் பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. வரவு, புள்ளி, நூலகம், பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். என்று எல்லாம் ஒன்றிலேயே வருமாம். விலை 850,000 ரூபா. செய்து தரப்போவது எங்களிடமே படித்த பிள்ளை. போன கூட்டத்தில் நான் மட்டும்தான் வேண்டாம் என்றேன். "ஐ.சி.டி. படிப்பிக்கிற நீங்களே இப்படிச் சொன்னா எப்படி டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "ரெடிமேட் உடுப்பு எங்கட உடம்புக்குச் சரிவராது டீச்சர், தைச்சுத்தான் போடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2016இல் நான் படிப்பித்த வேறொரு பாடசாலையில் இதே யோசனையைக் கொண்டுவந்தவள் நான்தான். "எங்கட பிள்ளை ஒண்டு செய்யும், எங்கட தேவைக்கு ஏத்த மாதிரிச் செய்யும்" என்று அதிபரைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். 125,000 ரூபா கொடுத்தோம். அந்தப் பிள்ளை இரவிரவாக விழித்திருந்து செய்தான். திறப்பு விழா வைத்தோம், ஃபோட்டோ எடுத்தோம். முதல் இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது.

பிறகு அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல வேலை. போகாதே என்று யாராவது சொல்வோமா? அவன் போனபின் ஒரு பாடத்தின் பெயரை மாற்றவே எங்களால் முடியவில்லை. கொவிட் முடிந்து பாடசாலை திறந்தபோது அந்தக் கொம்பியூட்டர் எழும்பவேயில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஃபைலை எடுத்தோம். அதற்குப் பாஸ்வேர்ட். வட்ஸ்அப்பில் கேட்டோம். மூன்று கிழமைக்குப் பிறகு, "டீச்சர், சரியா ஞாபகமில்ல, இதுல ஒண்டு போட்டுப் பாருங்க" என்று நாலைந்து அனுப்பினான். நாலாவது திறந்தது. உள்ளே பார்த்தால் பெயர்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன. அதை யுனிகோட்டுக்கு மாற்றி எடுத்தோம். ஆனால் புள்ளிகள் இருந்த நிரல்களுக்குத் தலைப்பு ம1, ம2, ம3 என்றுதான் இருந்தது. எது கணிதம், எது விஞ்ஞானம்? எங்கும் எழுதி வைக்கவில்லை. செய்தவனுக்கே நினைவில்லை. மூன்று வருடப் புள்ளிகள் கையில் இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை.

அந்த வருடம் ஏ.எல். எடுக்க இருந்த ஒரு பிள்ளைக்கு 80 வீத வரவு இருக்கிறதா என்று பார்க்கவேண்டி வந்தது. சொஃப்ட்வெயாரை நம்பி இடாப்பு எழுதுவதை நிறுத்தியிருந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? நல்லவேளை, அந்த வகுப்பாசிரியை என் பேச்சைக் கேட்காமல் இடாப்பையும் எழுதி வைத்திருந்தார். "ரெண்டு வேலை எதுக்கு டீச்சர்?" என்று அவரை நான் கேலி செய்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, தைத்துப் போடணும் என்று சொன்ன சகோதரருக்கு என் பதில் இதுதான். தைத்த உடுப்பு பெருநாளன்று அளவாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை வளரும். மடிப்பை விட்டுத் தர டெய்லரைத் தேடினால் அவர் கட்டாரில் இருப்பார். நாம் கொடுக்கும் 850,000 ரூபா முதல் வருடத்துக்கு. இரண்டாம் வருடம் சேர்வருக்கு யார் கட்டுவது? பாடத்திட்டம் மாறினால் யார் திருத்துவது? கோட்டை யாரிடம் கொடுத்து வைப்பது? இந்த மூன்றையும் கூட்டத்தில் கேட்டேன். "அதெல்லாம் பொறகு பாப்பம்" என்றார்கள். 2016இல் நானும் அப்படித்தான் சொன்னேன்.

அப்படியானால் சொந்தமாகச் செய்வதே பிழையா? இல்லை. எங்கள் நாட்டிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது, இரண்டும் பெருமைப்படத் தக்கவை.

2004 டிசம்பர் 26. சுனாமி. காணாமற்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன உதவி தேவை என்று பதிய உடனே எடுத்துப் பாவிக்கக் கூடிய திறந்த மென்பொருள் எதுவும் கைக்கெட்டவில்லை. இலங்கையின் மென்பொருள்காரர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹானா'வை எழுதினார்கள். பிறகு 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. அங்கே சொந்தமாகச் செய்ததுதான் சரி. தேவை புதிது, கடையில் சரக்கு இல்லை. செய்ததையும் பூட்டி வைக்காமல் உலகத்துக்குத் திறந்து கொடுத்தார்கள். அதனால் ஒருவர் போனாலும் இன்னொருவர் கையில் எடுக்க முடிந்தது.

அடுத்தது 2020 ஜனவரி. நாட்டின் முதலாவது கொவிட் நோயாளி 27ஆம் திகதி உறுதியானார். வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பதிந்து கண்காணிக்க ஒரு முறை அவசரமாகத் தேவைப்பட்டது. இம்முறை புதிதாக ஒன்றை எழுத உட்காரவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்து வரும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற இலவச மென்பொருள் எங்கள் சுகாதாரத் துறையில் ஏற்கெனவே பாவனையில் இருந்தது. அதையே தேவைக்கு ஏற்ப அமைத்துச் சில நாட்களில் தயார் பண்ணினார்கள். அதில் இல்லாத சில பகுதிகளை மட்டும் எங்கள் பிள்ளைகள் எழுதிச் சேர்த்தார்கள். பிறகு மற்ற நாடுகளும் அதைப் பார்த்துச் செய்தன, நோர்வேயும் உட்பட.

இரண்டு சம்பவத்திலும் அவர்கள் முதலில் கேட்டது ஒரே கேள்வி: இந்த வேலையை வேறு யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்களா? நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. நேரே விலைக்குப் போய்விட்டோம்.

நான் கேட்டுப் பார்த்தேன். புள்ளியும் நிலையும் தேர்ச்சி அறிக்கையும் எக்ஸல் செய்யும் வேலை. எக்ஸல் வாங்கக் காசில்லையென்றால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம். நூலகத்துக்கு 'கோஹா' இருக்கிறது. நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலக நிறுவனம் தன் தேவைக்காகச் செய்வித்து, 2000ஆம் ஆண்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று உலகமெங்கும் நூலகங்கள் அதில் ஓடுகின்றன. பாடங்களை ஏற்ற 'மூடுல்' இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகங்களே அதைத்தான் பாவிக்கின்றன. பெற்றோருக்குச் செய்தி சொல்ல ஒவ்வொரு வகுப்புக்கும் வட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருக்கிறது. 850,000 ரூபாவுக்கு இதில் புதிதாக எது வருகிறது? பாடசாலையின் பெயரும் இலச்சினையும் முதல் பக்கத்தில் வரும். அதற்கு அது கூடின விலை.

"ரெடிமேட்டில் எங்கட பெயர் பொருந்தாது" என்றும் ஒரு வாதம் வந்தது. இது உண்மைதான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்துக் கேட்கிறார்கள். எம்.என்.எஃப். என்று தொடங்கும் எங்கள் பிள்ளைகளின் பெயரை அதில் எங்கே வெட்டுவது? முதற்பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் வகுப்பில் பாதி முஹம்மதும் மற்றப் பாதி ஃபாத்திமாவும்தான். ரமழான் விடுமுறையால் எங்கள் தவணை அட்டவணையும் மற்றப் பாடசாலைகளிலிருந்து வேறு. ஆனால் இவை ஒரு நிரலும் ஒரு திகதிப் பட்டியலும் தீர்க்கும் பிரச்சினைகள். அட்டவணை பொருந்தவில்லை என்று யாராவது பாடசாலையை இடித்துக் கட்டுவார்களா?

வாங்கியதை உடைத்து உடைத்துத் தன் அளவுக்கு மாற்றப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜெர்மனியின் லிட்ல் பல்பொருள் அங்காடி நிறுவனம் சாப் மென்பொருளுக்கு மாற 2011இல் தொடங்கியது. பொருட்களின் கையிருப்பை லிட்ல் கொள்வனவு விலையில் கணக்கு வைக்கும், மென்பொருளோ விற்பனை விலையில். தன் பழக்கத்தை மாற்றாமல் மென்பொருளை மாற்றப் போனார்கள். 2018இல் முழுவதையும் கைவிட்டார்கள். செலவு 50 கோடி யூரோவளவில் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களிடம் காசிருந்தது, தாங்கினார்கள். நாம் தாங்குவோமா?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ரெடிமேட் எல்லாம் ஹலால், சொந்தச் சரக்கெல்லாம் ஹராம் என்று நான் சொல்லவில்லை. மாதச் சந்தா கேட்கும் வெளிநாட்டு மென்பொருளுக்குக் கையொப்பம் வைப்பதும் ஆபத்துத்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவைத் தாண்டியது. டொலரில் சந்தா கட்டியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று நம் ஊர் வியாபாரிகளிடம் கேளுங்கள். பிள்ளைகளின் விபரத்தை யாருடைய சேர்வரில் வைக்கிறோம் என்பதும் பொறுப்பான கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு தனி ஆள் மலிவு சேர்வரில் ஏற்றி வைத்தால் மட்டும் அது பத்திரமாகிவிடுமா?

கடைசியாக, எல்லோர் வாயையும் அடைத்த வாதம்: "எங்கட பிள்ளைக்கு ஒரு வேலை குடுக்கக் கூடாதா?" கொடுக்க வேண்டும். அவனை நானும்தான் படிப்பித்தேன். அந்தக் காசில் ஒரு பகுதியைக் கொடுத்து இருப்பதை நிறுவச் சொல்லுங்கள். எங்கள் பெயர்ப் பிரச்சினையையும் அட்டவணையையும் சரிசெய்யச் சொல்லுங்கள். 20 ஆசிரியர்களுக்குப் பழக்கச் சொல்லுங்கள். வருடா வருடம் வந்து பார்த்துத் தர ஒரு தொகை பேசுங்கள். அது மரியாதையான தொழில். நாளைக்கு அவனும் வெளிநாடு போனால், அதே மென்பொருள் தெரிந்த இன்னொரு பிள்ளையைத் தேடிக்கொள்ளலாம். அவன் மனதுக்குள் மட்டும் இருக்கும் ஒன்றை வாங்கினால் யாரைத் தேடுவது?

மகன், இதை நீயும் வாசிப்பாய் என்று தெரியும். உன் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டார் போன பிள்ளையும் திறமையானவன்தான்.

இந்தக் காசு வெயிலில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர்கள் அனுப்பியது. அது அமானிதம். அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் வாக்கெடுப்பாம். கை உயர்த்துவதற்கு முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். இதே வேலையைச் செய்யும் எதையெல்லாம் பார்த்தீர்கள், அவை ஏன் சரிவரவில்லை? செய்தவர் இல்லாத நாளில் யார் பார்ப்பார், எவ்வளவுக்கு? எங்கள் தரவு முழுவதையும் ஒரே நாளில் எக்ஸல் ஃபைலாக வெளியே எடுக்க முடியுமா?

மூன்றுக்கும் பதில் வந்தால் நானே முதலில் கை உயர்த்துகிறேன். வராவிட்டால், அந்த 850,000 ரூபாவில் ஆய்வுகூடத்தில் பழுதாகிக் கிடக்கும் கொம்பியூட்டர்களைத் திருத்துவோம். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுதிவிட்டுக் கூட்டத்துக்கும் வாருங்கள்.