பெற்றோர் யார் என்று செயலிக்குத் தெரியுமா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் அரசிதழ் ஏற 2025 நவம்பர் ஆயிற்று. 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவைத் தொடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அது சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நல்லது. விதி சரிபார்க்கச் சொல்வது எதை? தன்னைப் பெற்றோர் என்று சொல்லிக்கொள்பவர் வயது வந்தவரா, அடையாளம் காணத்தக்கவரா என்பதை. அந்தப் பிள்ளைக்கு அவர் உண்மையிலேயே யார் என்பதை எப்படி உறுதி செய்வது? விதி வாயே திறக்கவில்லை. உறவைக் கேட்க வேண்டிய இடத்தில் வயதைக் கேட்டுவிட்டு நகர்கிறது.

அரசை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் மென்பொருள் நிறுவனங்கள் கட்டித் தரும் வலைச் செயலிகளுக்கும் இதே நோய்தான். ஒரு பள்ளிச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் சர்வர் ஓர் அடையாளச் சீட்டை (டோக்கன்) தருகிறது. அதில் 'ஆசிரியர்' என்றோ 'பெற்றோர்' என்றோ ஒரு சொல் (ரோல்) இருக்கும். திரையில் எந்தப் பொத்தான் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே ப்ரவுசரில் ஓடும் நிரல் முடிவு செய்கிறது. எந்த வகுப்புக்கு ஆசிரியர்? எந்தப் பிள்ளைக்குப் பெற்றோர்? டோக்கனுக்குத் தெரியாது. போன மாதம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட ஆசிரியருக்கும் பழைய வகுப்பின் 'திருத்து' பொத்தான் பளிச்சென்று நிற்கும். நீதிமன்றம் பொறுப்பைத் தாயிடம் கொடுத்த பிறகும் தந்தையின் திரையில் மகளின் வருகைப் பதிவு வந்துகொண்டே இருக்கும்.

இது பாதிதான். முகவரிப் பட்டையில் மாணவர் எண் 4127 என்று இருந்தால் 4128 என்று மாற்றித் தட்டிப் பாருங்கள். பல செயலிகளில் அடுத்த பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வந்து நிற்கும். பொத்தானை மறைத்ததோடு வேலை முடிந்ததென்று நினைத்து, சர்வரில் கேள்வி கேட்க யாரையும் வைக்காததன் விளைவு. ப்ரவுசருக்குப் போன நிரல் முழுக்கப் பயனரின் கையில் இருக்கிறது. எஃப்12 தட்டி அந்த நிரலைத் திறக்கத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவன் போதும்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். வீட்டு விற்பனைப் பத்திரங்களைக் கையாளும் பெரிய நிறுவனம். இணைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் யாருடைய ஆவணமும் திறக்கும் என்பது 2019 மே மாதம் அம்பலமானது. வங்கிக் கணக்கு எண், வரி விவரம், அடமானக் காகிதம் என்று 2003 வரை பின்னோக்கிப் போகும் 88.5 கோடி ஆவணங்கள். கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. பங்குச் சந்தை ஆணையம் 2021-இல் விதித்தது 4,87,616 டாலர். நியூயார்க் மாநில நிதித்துறை 2023-இல் வாங்கியது 10 லட்சம் டாலர். இரண்டையும் கூட்டி வகுத்துப் பார்த்தேன். ஓர் ஆவணத்துக்கு ஒரு சென்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் தேறுகிறது. ஒரு குடும்பத்தின் வீட்டுக்கடன் காகிதத்துக்கு அந்த நாடு போட்ட விலை அது. வலைச் செயலிகளின் ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, அணுகல் கட்டுப்பாட்டின் ஓட்டையை 2021-இல் ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏற்றியது சும்மா அல்ல. 2025 பட்டியலிலும் அது இறங்கவில்லை.

"எங்கள் செயலிக்கு நாலு ரோல் போதும், உறவுகளையெல்லாம் எழுதி மாளாது" என்பது வழக்கமான பதில். சோம்பேறித்தனத்துக்கு எளிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "வேகம் குறையும்" என்பது அடுத்தது. அனுமதிகளைச் சரிபார்க்கும் தன் ஸான்ஸிபார் முறையைப் பற்றிக் கூகுள் 2019-இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டுவிட்டது. இவர் இந்தக் கோப்பின் உரிமையாளர், இந்தக் கோப்பு இந்தக் கோப்புறையில் இருக்கிறது: இப்படி ஒவ்வோர் உறவையும் ஒரு வரியாகச் சேமிக்கிறார்கள். கோப்புறையைப் பார்க்கக்கூடியவர் கோப்பையும் பார்க்கலாம் என்பது தனி விதி. அனுமதி கேட்கும்போது அந்த வரிகளைத் தொடர்ந்து போய்ப் பதில் சொல்கிறது சர்வர். லட்சம் கோடிக் கணக்கில் வரிகள், நொடிக்குப் பத்து லட்சக்கணக்கில் கேள்விகள்; 100-இல் 95 கேள்விக்கு 10 மில்லிவினாடிக்குள் பதில். யூடியூபும் டிரைவும் அனுமதி பார்ப்பது இதை வைத்துத்தான். அதே வழியில் பிறந்த ஸ்பைஸ்டிபி, ஓப்பன்எஃப்ஜிஏ என்ற மென்பொருள்கள் இரண்டும் திறமூலமாகக் கிடைக்கின்றன. 800 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வேகம் ஒரு சாக்கா?

முகப்பு நிரல் எழுதுபவரின் வேலை இந்த முறையால் குறையத்தான் செய்யும். நாற்பது கோப்புகளில் 'ரோல் ஆசிரியர் என்றால்' என்று சிதறிக் கிடக்கும் வரிகளைத் தூக்கி எறியலாம். பட்டியலில் ஐம்பது மாணவர் இருந்தால் யாரைத் திருத்தலாம், யாரைப் பார்க்க மட்டும் முடியும் என்று சர்வரிடம் ஒரே தடவையில் கேட்டு, வந்த பதிலைக் காட்டினால் போதும். பொத்தானை அழுத்தும்போது சர்வர் மறுபடி சரிபார்க்கும். உறவு மாறிய மறுநொடி அனுமதியும் மாறும்; டோக்கன் காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது நம் சட்டம். இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் அதை ஏட்டோடு விடக் கூடாது. பொத்தானை மறைப்பதை மட்டும் நம்பும் செயலியை, அணுகல் கட்டுப்பாடே இல்லாத செயலியாகக் கருதி உச்ச அபராதம் விதிக்க வேண்டும். தரவு கசிந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெரும்பாலான விதிகள் நடைமுறைக்கு வர 2027 மே வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகளின் தரவைக் கையாளும் செயலிகளுக்கு அந்த அவகாசமே அதிகம்.