ஐக்ஸஸ் 70-ஆ? சோனி டி20-ஆ?

பழைய டிஜிட்டல் கேமரா மேல் மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் ரகத்தில் 2007-ல் வந்தவை கேனான் ஐக்ஸஸ் 70-உம் சோனி சைபர்ஷாட் டி20-உம். இப்போது இரண்டும் செகண்ட் ஹேண்டில்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது மெகாபிக்சல். கேனான் 7, சோனி 8. இதை வைத்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். இரண்டிலும் சென்சார் ஒரே அளவு, ஜூமும் அதே 3 மடங்கு.

சீவலப்பேரிக்குக் கொண்டு போனால் வித்தியாசம் தெரியும். தாமிரபரணியும் சிற்றாறும் சேருகிற இடத்தில், மத்தியான வெயிலில், கேமராத் திரையில் எடுப்பவர் முகம்தான் தெரியும். கேனானில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் உண்டு, சோனியில் கிடையாது.

ஆனால் ஆற்று மணல் கேனானுக்கு எதிரி. வெளியே நீளும் லென்ஸில் ஒரு துகள் சிக்கினால் செலவுதான். சோனியின் லென்ஸ் வெளியே வராது, மேலே மூடியும் உண்டு.

ராத்திரி சுடலைமாடன் கொடைக்கு? கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி சோனியில் மட்டும். கோயிலை எடுக்க உதவும், சாமியாடியை எடுக்க உதவாது. ஆடுவது கை இல்லையே, சாமி! அங்கே லென்ஸ் வாங்கும் வெளிச்சம்தான் கணக்கு: ஜூம் செய்யாதபோது கேனான் எஃப்2.8, சோனி எஃப்3.5.

போதாததற்கு, கேனானுக்கு எஸ்டி கார்டு எளிதில் கிடைக்கும். சோனியின் மெமரி ஸ்டிக்கைத் தேடி அலைய வேண்டும்.

ஆகவே கேனான். மணலுக்கு ஒரு பாலிதீன் பை போதும். வாங்கும்போது பத்து முறை ஆன், ஆஃப் செய்து லென்ஸ் சத்தத்தைக் கேளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.